ஜெனரல் ஹாஸ்பிடல்: மருத்துவமனைத் தொடரும் பார்வையாளர் தீர்ப்புகளும்

ஜெனரல் ஹாஸ்பிடல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1963 ஏப்ரல் 1 முதல் ஒளிபரப்பாகி வரும் பகல்நேரத் தொடர். நியூயார்க் மாநிலத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் போர்ட் சார்லஸ் என்ற கற்பனை நகரின் மருத்துவமனை இதன் களம். மருத்துவர்கள், செவிலியர்கள், அவர்களின் குடும்பங்கள் ஆகியோரின் காதல்களும் அவர்கள் எதிர்கொள்ளும் அறச்சிக்கல்களும் இதன் பேசுபொருள். ஒரு வன்புணர்வைக் காதல்கதையாக மாற்றியதும், அந்தக் காதலர்களின் திருமணத்தை 3 கோடி பேர் பார்த்ததும், அதே நிகழ்வை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தொடரே மறுவிசாரணை செய்ததும் இத்தொடரின் வரலாற்றில் முக்கியமானவை. ஒரு கதையில் எது மன்னிக்கத்தக்கது, எது மன்னிக்கத்தகாதது என்று பார்வையாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள், அந்த முடிவு காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பதை அறிய இத்தொடர் ஒரு நல்ல சான்று.

பின்னணி

அமெரிக்காவில் பகல்நேரத் தொடர்கள் 1930-களில் வானொலியில் தொடங்கின. வீட்டிலிருக்கும் பெண்களை நோக்கி எழுதப்பட்ட அவற்றுக்குச் சோப்பு நிறுவனங்கள் விளம்பரம் அளித்தன. அதனால் அவை 'சோப் ஓபரா' என்று கேலியாக அழைக்கப்பட்டன. பின்னர் அதுவே அவற்றின் பெயராக நிலைத்தது.

இத்தொடர்களைக் கேட்பவர்களைப் பற்றிய விவாதமும் அப்போதே தொடங்கிவிட்டது. 1942-ல் நியூயார்க்கைச் சேர்ந்த உளமருத்துவர் லூயிஸ் பெர்க், வானொலித் தொடர்கள் பெண்களுக்கு இதயப் படபடப்பு முதலிய உடல்நலக் கேடுகளை உண்டாக்குகின்றன என்றார். அவர் தம் முடிவுகளுக்குத் தம் உடலையே சோதனைப் பொருளாகக் கொண்டிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. இதற்கு மாறாக, கேட்பவர்களை நேரில் சந்தித்து விசாரித்தவர் ஆஸ்திரியாவிலிருந்து குடிபெயர்ந்த ஆய்வாளர் ஹெர்தா ஹெர்சோக். நியூயார்க் பகுதியில் 100 பெண்களைப் பேட்டி கண்டு 1941-ல் அவர் கட்டுரை வெளியிட்டார். பெண்கள் அழுது மனம் ஆறவும், தங்களுக்குக் கிடைக்காத வாழ்க்கையைக் கற்பனையில் வாழவும் மட்டும் இத்தொடர்களைக் கேட்கவில்லை, தங்கள் குடும்பச் சிக்கல்களுக்கு வழி தேடியும் கேட்டார்கள் என்று அவர் கண்டறிந்தார். 1956-ல் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் இருவரும், திரையில் தோன்றுபவரோடு பார்ப்பவர் கொள்ளும் ஒருதலையான நெருக்கத்தைப் பற்றி எழுதினர். தொலைக்காட்சிப் பார்வையாளர் ஆய்வுக்கு இவை அடித்தளம் அமைத்தன.

1961-ல் மாலைநேரத் தொலைக்காட்சியில் டாக்டர் கில்டேர், பென் கேசி ஆகிய இரு மருத்துவத் தொடர்கள் தொடங்கிப் பெருவெற்றி பெற்றன. பகல்நேரத்துக்கும் அதே களம் பொருந்தும் என்று தொலைக்காட்சி நிறுவனங்கள் கருதின. 1963 ஏப்ரல் 1 அன்று ஏபிசியில் ஜெனரல் ஹாஸ்பிடலும், என்பிசியில் தி டாக்டர்ஸ் என்ற தொடரும் ஒரே நாளில் தொடங்கின.

மருத்துவத் தொடர்களின் பார்வையாளர்கள் மற்றத் தொடர்களின் பார்வையாளர்களிடமிருந்து ஒருவகையில் வேறுபட்டவர்கள். அவர்கள் திரையில் தோன்றும் மருத்துவரை நம்பினார்கள். 1969-ல் தொடங்கிய மார்க்கஸ் வெல்பி என்ற மாலைநேரத் தொடரின் மருத்துவர் பாத்திரத்துக்கு, முதல் ஐந்து ஆண்டுகளில் இரண்டரை லட்சம் கடிதங்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை மருத்துவ ஆலோசனை கேட்டு எழுதப்பட்டவை. அதில் நடித்த ராபர்ட் யங் மருத்துவர் அல்லர், நடிகர் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஆயினும் எழுதினார்கள்.

தொடக்க காலம்

ஜெனரல் ஹாஸ்பிடலை உருவாக்கியவர்கள் ஃபிராங்க் ஹர்ஸ்லி, டோரிஸ் ஹர்ஸ்லி தம்பதியர். ஃபிராங்க் ஆங்கிலப் பேராசிரியராகவும் டோரிஸ் வழக்கறிஞராகவும் இருந்தவர்கள். மருத்துவமனையின் ஏழாம் மாடியில் உள்ள செவிலியர் மேசை கதையின் மையமாக அமைந்தது. மருத்துவர் ஸ்டீவ் ஹார்டியாக ஜான் பெராடினோ நடித்தார். இவர் முன்னாள் பேஸ்பால் வீரர், 1948-ல் வாகை சூடிய கிளீவ்லாந்து அணியில் இருந்தவர். செவிலியர் ஜெஸ்ஸி புரூவராக எமிலி மெக்லாஃப்லின் நடித்தார்.

முதல் பதினைந்து ஆண்டுகளின் அறச்சிக்கல்கள் பெரும்பாலும் மணவாழ்க்கை சார்ந்தவை. ஜெஸ்ஸி தன்னைவிட வயதில் இளையவரான மருத்துவர் ஃபில் புரூவரை மணந்தவர். ஃபில் துரோகம் செய்வதும் ஜெஸ்ஸி மன்னிப்பதும் மீண்டும் துன்புறுவதும் பல ஆண்டுகள் நீண்ட கதை. ஹார்டிக்கும் ஆட்ரி மார்ச்சுக்கும் இடையிலான பிரிவுகளும் சேர்தல்களும் அதுபோலவே நீண்டன. இக்கதைகளில் எது சரி, எது தவறு என்பதில் பார்வையாளருக்குக் குழப்பம் இருக்கவில்லை. நல்லவர் இவர், தீயவர் இவர் என்பது தெளிவாக இருந்தது. நல்லவருக்கு எப்போது விடிவு வரும் என்பதே கேள்வி.

1970-களின் நடுவில் அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் வேலைக்குச் செல்லத் தொடங்கினர். பகல்நேரத் தொடர்களின் பார்வையாளர் கூட்டம் மாறியது. அரைமணி நேரத் தொடராக இருந்த ஜெனரல் ஹாஸ்பிடல் 1976 ஜூலையில் 45 நிமிடமாகவும், 1978 ஜனவரியில் ஒரு மணி நேரமாகவும் நீட்டிக்கப்பட்டது. ஆனாலும் பார்வையாளர் எண்ணிக்கை சரிந்து, தொடர் நிறுத்தப்படக்கூடிய நிலையில் இருந்தது.

குளோரியா மாண்டி

1978-ன் தொடக்கத்தில் குளோரியா மாண்டி தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். அவர் காட்சிகளைச் சுருக்கினார், கதையின் வேகத்தைக் கூட்டினார், இளம் பாத்திரங்களை முன்னுக்குக் கொண்டுவந்தார். தலைமை எழுத்தாளராக அப்போது டக்ளஸ் மார்லண்ட் இருந்தார்.

அவ்வாறு முன்னுக்கு வந்த பாத்திரம் லாரா வெப்பர். 1977-ல் இப்பாத்திரத்தில் நடிக்க வந்தபோது ஜீனி ஃபிரான்சிஸுக்கு வயது 14. லாராவின் தாய் லெஸ்லி அதே மருத்துவமனையின் மருத்துவர். தன்னை ஏமாற்றிய நடுவயது ஆண் ஒருவனை லாரா சினத்தில் தள்ளிவிட, அவன் இறக்கிறான். மகளைக் காக்க லெஸ்லி தானே கொன்றதாக ஒப்புக்கொள்கிறார். மருத்துவராகவும் குடிமகளாகவும் லெஸ்லி செய்தது குற்றம், தாயாகச் செய்தது தியாகம். யார் பக்கம் நிற்பது என்று பார்வையாளரே தீர்மானிக்க வேண்டிய கதைகள் இக்காலத்தில்தான் தொடரில் பெருகின.

லாராவுக்கும் இளம் வழக்கறிஞன் ஸ்காட்டி பால்ட்வினுக்கும் இடையிலான காதல் இளைஞர்களிடையே வரவேற்பைப் பெற்றது. அவர்களைப் பிரிக்க முயன்ற பாபி ஸ்பென்சர் என்ற பயிற்சிச் செவிலியர் பார்வையாளரின் வெறுப்புக்கு ஆளான பாத்திரம். தனக்கு உதவ பாபி தன் அண்ணன் லூக் ஸ்பென்சரை ஊருக்கு வரவழைக்கிறாள். சில வாரங்கள் மட்டும் வந்துபோகும் பாத்திரமாகவே லூக் திட்டமிடப்பட்டிருந்தான். அதில் நடித்தவர் அந்தோணி கியரி.

1979 அக்டோபர் 5

1979-ல் லாராவும் ஸ்காட்டியும் மணம் செய்துகொண்டனர். லாரா லூக் நடத்தும் நடன விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். லூக் ஒரு குற்றக்கும்பல் தலைவனுக்குக் கட்டுப்பட்டவன். ஓர் அரசியல்வாதியைக் கொல்லும்படி அவனுக்கு உத்தரவு வருகிறது. அதில் தான் உயிர் பிழைக்கப் போவதில்லை என்று அவன் நம்புகிறான். 1979 அக்டோபர் 5 அன்று ஒளிபரப்பான பகுதியில், ஆளற்ற நடன விடுதியில் அவன் லாராவிடம் தன் காதலைச் சொல்கிறான். அவள் மறுத்தும் கேளாமல் அவளை வன்புணர்கிறான். பின்னணியில் ஹெர்ப் ஆல்பர்ட்டின் 'ரைஸ்' என்ற இசைத்துண்டு ஒலித்தது. அதே மாதம் அந்த இசைத்துண்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை அடைந்தது.

அன்றைய கதையில் இது வன்புணர்வு என்றே சொல்லப்பட்டது. லாரா மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். ஆனால் குற்றவாளி யாரென்று அவள் சொல்லவில்லை. அந்த மௌனத்திலிருந்து கதை திசைமாறியது. கியரி, ஃபிரான்சிஸ் இருவரும் திரையில் சேர்ந்து தோன்றிய காட்சிகள் பார்வையாளரை ஈர்த்தன. தயாரிப்பாளர்கள் அவர்களைப் பிரிக்காமல் சேர்த்தனர். 1980 கோடையில் இருவரும் குற்றக்கும்பலிடமிருந்து தப்பி ஓடும் கதை பல மாதங்கள் ஓடியது. லூக் காதலனானான், கணவன் ஸ்காட்டி இடையூறானான். 'வன்புணர்வு' என்ற சொல் கதையிலிருந்து மறைந்து 'மயக்கி அடைதல்' என்ற பொருள்தரும் சொல் அவ்விடத்தில் வந்தது.

பார்வையாளர் எதிர்வினை

பார்வையாளர்கள் இதை எப்படி ஏற்றனர் என்பதற்கு ஒற்றை விடை இல்லை. ஒரு சாரார் லூக்கின் மனமாற்றத்தை நம்பினர். அன்பில்லாத வீட்டில் வளர்ந்த முரடன் ஒரு பெண்ணால் திருந்துகிறான் என்ற பழைய காதல்கதை வடிவத்தில் அவர்கள் அதைப் படித்தனர். பள்ளி, கல்லூரி மாணவர்கள் புதிதாக இத்தொடருக்கு வந்தனர். பிற்பகல் 3 மணி ஒளிபரப்பு அவர்களுக்கு வசதியாக இருந்தது. கல்லூரி விடுதிகளின் பொது அறைகளில் மாணவர்கள் கூட்டமாக அமர்ந்து பார்ப்பது வழக்கமாயிற்று. இவர்களில் பலர் லூக்கும் லாராவும் ஓடத் தொடங்கிய பிறகு வந்தவர்கள். அக்டோபர் 5 நிகழ்வு அவர்களுக்கு முன்கதை மட்டுமே.

மறுசாரார் அதிர்ச்சி அடைந்தனர். சூசன் பிரவுன்மில்லரின் வன்புணர்வு பற்றிய நூல் 1975-ல் வெளிவந்து, வன்புணர்வு காமத்தால் நிகழ்வதன்று, அதிகாரத்தால் நிகழ்வது என்ற வாதத்தைப் பரவலாக்கியிருந்தது. பெண்ணியவாதிகள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துவந்த நம்பிக்கையை, அதாவது மறுக்கும் பெண் உள்ளுக்குள் விரும்புகிறாள் என்பதை, இத்தொடர் உறுதிப்படுத்துகிறது என்று விமர்சனம் எழுந்தது. இந்த விமர்சனம் வெறும் ஊகமாக இருக்கவில்லை. பொது இடங்களில் ரசிகைகள் சிலர் தங்களை வன்புணருமாறு லூக்கை அழைத்ததைக் கியரி பிற்காலத்தில் அருவருப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

தயாரிப்பாளர்கள் முதன்மையாகக் கேட்டது எண்களைத்தான். நீல்சன் நிறுவனத்தின் கணக்கு எத்தனை வீடுகளில் தொலைக்காட்சி இயங்கியது என்று சொல்லும். அதன்முன் அமர்ந்திருந்தவர் ரசித்தாரா, சகித்தாரா, பழகிய பாத்திரத்தை விட முடியாமல் பார்த்தாரா என்று சொல்லாது. தொடரின் எண்ணிக்கை உயர்ந்தது ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

திருமணம்

1981-ல் ஜெனரல் ஹாஸ்பிடல் அமெரிக்காவின் பொதுப்பேச்சாக இருந்தது. மருத்துவர் நோவா டிரேக்காக நடித்த ரிக் ஸ்பிரிங்ஃபீல்டின் 'ஜெஸ்ஸிஸ் கேர்ள்' பாடல் ஆகஸ்டில் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. செப்டம்பரில் நியூஸ்வீக் வார இதழ் இத்தொடரை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. அவ்வாண்டுக் கோடையில் கதை மருத்துவமனையைவிட்டு வெகுதூரம் போயிருந்தது. உலகையே உறையவைக்கத் திட்டமிடும் செல்வந்தன் ஒருவனை லூக்கும் லாராவும் முறியடித்தனர். உலகைக் காத்தவன் என்ற நிலையில் லூக்கின் பழைய குற்றம் மேலும் பின்னுக்குப் போனது.

1981 நவம்பர் 16, 17 நாட்களில் லூக்–லாரா திருமணம் ஒளிபரப்பானது. இங்கிலாந்து இளவரசர் சார்லஸ்–டயானா திருமணம் நடந்து அப்போது நான்கு மாதம்கூட முடியவில்லை. இரண்டையும் ஒப்பிட்டு இதழ்கள் எழுதின. தொடரின் ரசிகையான எலிசபெத் டெய்லர் மணமக்களைச் சபிக்கும் ஹெலினா கஸ்ஸடைனாக நடித்தார். ஏறத்தாழ 3 கோடி பேர் பார்த்தனர். அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களின் வரலாற்றில் மிக அதிகமானோர் பார்த்த ஒளிபரப்பு இது.

திருமணத்துக்குப் பின் சில வாரங்களில் ஃபிரான்சிஸ் தொடரைவிட்டு விலகினார். லாரா பனிமூட்டத்தில் மறைந்துபோனதாகக் கதை சொன்னது. ஆனால் காதலர்கள் சேர்ந்த காட்சி பார்வையாளர் நினைவில் நிலைத்தது. பிற தொடர்கள் 'உயர்மட்டக் காதல் இணை' என்ற இந்த முறையைப் பின்பற்றத் தொடங்கின.

மருத்துவமனைக்குத் திரும்புதல்

1990-களின் தொடக்கத்தில் வெண்டி ரிச் தயாரிப்பாளராகவும் கிளேர் லாபைன் தலைமை எழுத்தாளராகவும் பொறுப்பேற்றனர். சாகசக் கதைகளைக் குறைத்து, மருத்துவத்தோடு தொடர்புள்ள அறச்சிக்கல்களை அவர்கள் மீண்டும் மையத்துக்குக் கொண்டுவந்தனர்.

1994-ல் மருத்துவர் டோனி ஜோன்ஸின் மகள் பி.ஜே. பள்ளிப் பேருந்து விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைகிறாள். அதே மருத்துவமனையில் டோனியின் தம்பி மகள் மாக்ஸி, கவாசாகி நோயால் இதயம் பழுதாகி மாற்று இதயத்துக்குக் காத்திருக்கிறாள். குழந்தையின் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்போது அவள் இறந்துவிட்டாள் என்று ஏற்க வேண்டும். ஏற்ற உடனே அந்த இதயத்தைத் தர வேண்டும். டோனியும், பி.ஜே.யை வளர்த்த செவிலியர் பாபியும் எடுக்க வேண்டிய முடிவு இது. ஒருகாலத்தில் பார்வையாளர் வெறுத்த அதே பாபி ஸ்பென்சர்தான் இந்தத் தாய். பதினேழு ஆண்டுகளில் சூழ்ச்சிக்காரி செவிலியராகவும் தாயாகவும் வளர்ந்ததைத் தினமும் பார்த்தவர்களே இக்கதையின் பார்வையாளர்கள்.

மூளைச்சாவை மரணமாக ஏற்கலாம் என்ற வரையறையை ஹார்வர்டு குழு 1968-ல் முன்வைத்தது. 1981-ல் அமெரிக்க மாநிலங்களுக்கான பொது மாதிரிச் சட்டம் உருவானது. சட்டத்தில் தீர்ந்துவிட்ட கேள்வி குடும்பங்களின் மனத்தில் தீரவில்லை. அறுவைக்குப் பின் டோனி மாக்ஸியின் மார்பில் தலைவைத்துத் தன் மகளின் இதயத் துடிப்பைக் கேட்கும் காட்சி, இத்தொடரின் நெடுங்காலப் பார்வையாளர்கள் இன்றும் முதலில் சொல்லும் காட்சிகளில் ஒன்று. இதில் வில்லன் இல்லை, தவறு செய்தவர் இல்லை. எந்த முடிவு எடுத்தாலும் ஒரு குழந்தை இறக்கும் என்பதைப் பார்வையாளரும் ஏற்க வேண்டியிருந்தது.

அதே காலகட்டத்தில் மருத்துவர் மோனிகா குவார்ட்டர்மெயின் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகும் கதையும் வந்தது. சிகிச்சையின்போது அறிமுகமான பெண் இறந்தபின் அவளுடைய மகள் எமிலியை மோனிகா தத்தெடுக்கிறார்.

ஸ்டோனும் ராபினும்

1985-ல் ராபின் ஸ்கார்ப்பியோ பாத்திரத்தில் நடிக்க வந்த கிம்பர்லி மெக்கல்லா அப்போது சிறுமி. பத்தாண்டுகள் பார்வையாளர் கண்முன் வளர்ந்தார். 1995-ல் ராபின் காதலிக்கும் ஸ்டோன் கேட்ஸ், முன்பு தெருவில் வாழ்ந்தவன். அவனுக்கு எய்ட்ஸ் இருப்பது தெரியவருகிறது. ராபினைச் சந்திக்கும் முன்பே அவனுக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. ஸ்டோன் 1995 நவம்பரில் இறக்கிறான். பார்வை இழந்திருந்த அவன் இறுதிக் கணத்தில் ராபினின் முகத்தைப் பார்க்கிறான். ராபினுக்கும் எச்.ஐ.வி. தொற்று உறுதியாகிறது.

அன்றைய அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளியிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, அது எப்படி வந்தது என்பது. வந்த வழியைப் பொறுத்து இரக்கம் கூடும் அல்லது குறையும். எழுத்தாளர்கள் இக்கேள்வியை மாற்றினர். சிறுவயது முதல் தெரிந்த பெண்ணுக்குத் தொற்று வந்தபோது, பார்வையாளரால் அவளை 'வேறொருத்தி' என்று ஒதுக்க முடியவில்லை. இவ்வளவு இளம்பெண்ணுக்கு இப்படி ஒரு முடிவா என்ற வருத்தமும், உண்மையைக் காட்டியதற்கான நன்றியும் ஒருசேர வெளிப்பட்டன. மெக்கல்லா 1996-ல் இளம் நடிகைக்கான பகல்நேர எம்மி விருது பெற்றார். 1994-ல் கதையில் தொடங்கிய 'செவிலியர் விழா' என்ற நிகழ்ச்சி எய்ட்ஸ் விழிப்புணர்வு நாளாகத் தொடரில் நிலைபெற்றது.

மருத்துவத்தின் வளர்ச்சி கதையின் போக்கையும் மாற்றியது. ஸ்டோன் இறந்த மறுமாதம், 1995 டிசம்பரில், புரோட்டியேஸ் தடுப்பான் வகையின் முதல் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் எச்.ஐ.வி. தொற்றோடு நெடுநாள் வாழ முடியும் என்றானது. ராபின் படித்து மருத்துவரானாள். நோவா டிரேக்கின் மகன் மருத்துவர் பேட்ரிக்கை மணந்து, 2008-ல் பெண்குழந்தை பெற்றாள். தொற்றுள்ள பெண் தாயாகலாமா என்பது அக்கதையின் சிக்கல். கருவுற்ற காலத்தில் மருந்து கொடுத்தால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறையும் என்று 1994-லேயே ஆய்வு காட்டியிருந்தது. பிந்தைய சிகிச்சைகள் ஆபத்தை மேலும் குறைத்தன. மாலைநேரத் திரைப்படம் ஒன்றில் இறந்திருக்கக்கூடிய பாத்திரம், தினசரித் தொடரில் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து தாயானது.

உண்மை சொன்னவள்

ராபினைப் பற்றிய தீர்ப்பு எப்போதும் ஒருமனதாக இருந்ததில்லை. குவார்ட்டர்மெயின் குடும்பத்தின் மருத்துவ மாணவன் ஜேசன், 1990-களின் நடுவில் தம்பியைக் காக்கும் அண்ணனாக இல்லாத ஏ.ஜே. குடித்துவிட்டு ஓட்டிய காரில் அடிபட்டு நினைவிழக்கிறான். பிறகு அவன் குடும்பத்தைவிட்டு, சானி கொரிந்தோஸ் என்ற குற்றத்தலைவனின் அடியாளாகிறான். ஏ.ஜே.யின் குழந்தை மைக்கேலைத் தன் குழந்தை என்று சொல்லி வளர்க்கிறான். அவனைக் காதலித்த ராபினுக்கு உண்மை தெரியும். 1999-ல் அவள் அதை ஏ.ஜே.யிடம் சொல்லிவிடுகிறாள். ஜேசன் அவளைப் பிரிகிறான்.

பெற்ற தந்தைக்குத் தன் குழந்தை யார் என்று தெரிய உரிமை உண்டு என்றனர் ஒரு சாரார். குழந்தையை அன்போடு வளர்த்தவனிடமிருந்து பிடுங்கிக் குடிகாரனிடம் கொடுத்துவிட்டாள் என்றனர் மறுசாரார். சட்டப்படி ராபின் பக்கம் நியாயம் இருந்தது. பழகிய பாசம் ஜேசன் பக்கம் இருந்தது. பல பார்வையாளர்கள் பாசத்தின் பக்கமே நின்றனர். மனிதர்களைக் கொல்பவன் உண்மை சொன்னவளைவிட நல்லவனாகத் தோன்றுவது எப்படி என்ற கேள்வி தொடரின் ரசிகர்களிடையே நீண்டகாலம் நீடித்தது. மருத்துவமனைத் தொடர் குற்றக்கும்பல் தொடராகிவிட்டது என்ற முறையீடும் இத்தோடு சேர்ந்து எழுந்தது. இருப்பினும் சானிக்கு இருமுனை உளநோய் இருப்பதைச் சொன்ன கதை பாராட்டப்பட்டது. அதில் நடித்த மாரிஸ் பெனார்ட் தமக்கும் அந்நோய் உண்டு என்று வெளிப்படையாகப் பேசியவர்.

1998: மறுவிசாரணை

1993-ல் லூக்கும் லாராவும் மகன் லக்கியோடு தொடருக்குத் திரும்பியிருந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று எலிசபெத் வெப்பர் என்ற பள்ளி மாணவி பூங்காவில் வன்புணர்வுக்கு ஆளாகிறாள். பனியில் கிடந்தவளைக் கண்டெடுத்து உதவுபவன் லக்கி. அவள் அச்சத்திலிருந்து மெல்ல மீள்வதை அவன் அருகிலிருந்து பார்க்கிறான். அவ்வேளையில்தான் தன் தந்தை தன் தாய்க்குச் செய்தது என்ன என்பது அவனுக்குத் தெரியவருகிறது.

இரு கதைகளையும் அருகருகே வைத்ததில் எழுத்தாளர்களின் நோக்கம் தெளிவு. 1979-ல் காதலன் ஆனவன் குற்றம் செய்தவன். 1998-ல் காதலன் ஆனவன் துணை நின்றவன். எலிசபெத்–லக்கி காதலை இளம் பார்வையாளர்கள் பெரிதும் விரும்பினர். லக்கியின் கேள்விகளுக்கு லூக்கும் லாராவும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நடந்தது வன்புணர்வு என்ற சொல் இருவர் வாயாலும் மீண்டும் வந்தது.

இது பழைய ரசிகர்களைச் சங்கடத்துக்கு உள்ளாக்கியது. தங்கள் இளமையின் காதல்கதையைத் தொடரே கெடுத்துவிட்டது என்று சிலர் கருதினர். பல ஆண்டுகள் தங்களுக்குள் உறுத்திக்கொண்டிருந்ததைத் தொடர் ஒருவழியாகச் சொல்லிவிட்டது என்று வேறு சிலர் கருதினர். 1981-ல் பதினைந்து வயதில் திருமணக் காட்சியை ரசித்தவர்கள் 1998-ல் முப்பது வயதைக் கடந்திருந்தனர். அவர்களில் பலர் தாய்மார்கள். மாறியது கதை மட்டுமன்று.

ஜீனி ஃபிரான்சிஸும் பிற்காலப் பேட்டியொன்றில் தம் நிலையைத் தெளிவாக்கினார். அந்தக் கதையை ஆண்டுக்கணக்கில் நியாயப்படுத்திப் பேச வேண்டியிருந்தது என்றும், இனி அவ்வாறு செய்யப்போவதில்லை என்றும் அவர் கூறினார். அந்தக் காட்சியில் நடித்தபோது அவருக்கு வயது 17.

மதிப்பீடு

ஜெனரல் ஹாஸ்பிடலின் வரலாற்றிலிருந்து பார்வையாளர் தீர்ப்புகளைப் பற்றிச் சில முடிவுகளுக்கு வர முடியும். முதலாவது, தினசரித் தொடரின் பார்வையாளர்கள் செயலை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பதில்லை. அந்தப் பாத்திரத்தோடு எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதும் தீர்ப்பில் சேர்கிறது. பாபியின் திருந்தலும் ராபினின் நோய்க்குக் கிடைத்த பரிவும் இதனால் விளைந்த நன்மைகள். லூக்கின் குற்றம் மறக்கப்பட்டதும் ஜேசனின் கொலைகள் பொறுக்கப்பட்டதும் இதனால் விளைந்த தீமைகள். நெருக்கம் இரு பக்கமும் வேலை செய்கிறது.

இரண்டாவது, பார்வையாளர் எண்ணிக்கையைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. 3 கோடி பேர் ஒரு திருமணத்தைப் பார்த்தார்கள் என்பது மட்டுமே 1981-ன் கணக்கு. அதை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது வெளிவர இருபது ஆண்டுகள் ஆயின. தங்கள் வாழ்க்கைக்கு வழி தேடியே பெண்கள் தொடர்களைக் கேட்கிறார்கள் என்ற ஹெர்சோக்கின் கண்டறிதலை இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வழி தேடுபவருக்குத் தவறான வழி காட்டப்பட்டால் அது கற்பனைக் கதைதானே என்று தள்ளிவிட முடியாது.

மூன்றாவது, நீண்டகாலம் ஓடும் தொடருக்கு மட்டுமே உரிய ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு திரைப்படமோ நாவலோ தான் சொன்ன தவறைத் தானே திருத்திக்கொள்ள முடியாது. அதே நடிகர்களை, அதே பாத்திரங்களை, அதே பார்வையாளர்களை வைத்துக்கொண்டு இருபது ஆண்டு கழித்து அந்த இரவைப் பற்றி மீண்டும் பேச ஜெனரல் ஹாஸ்பிடலால் முடிந்தது.

கியரி 2015-ல் தொடரைவிட்டு விலகினார். 2022 ஜூனில் ஒளிபரப்பான தொடரின் 15,000-ஆவது பகுதி லாராவை மையமாகக் கொண்டு அமைந்தது. கதையில் அவள் அப்போது போர்ட் சார்லஸ் நகரின் மேயர்.